மெதுவாகப் படிப்பவரின் கணக்கு

தெருவில் ஒரு வாசிப்புக் குழு நடத்துவதில் எது கஷ்டம் என்று கேட்டால், ஆள் சேர்ப்பதுதான் என்று பலரும் நினைப்பார்கள். ஆள் சேர்ந்துவிடுவார்கள். இடமும் கிடைத்துவிடும். அடுத்த மாதம் என்ன படிப்பது என்பதுதான் ஒவ்வொரு முறையும் மண்டையைக் குடையும் கேள்வி. புத்தகம் சரியாக அமைந்த மாதம் இருட்டிய பிறகும் யாரும் எழுந்துபோக மாட்டார்கள். அமையாத மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தவர்களும் பள்ளிக் கட்டணம், மழைநீர் வடிகால் என்று பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவார்கள்.

தாம்பரத்துக்கு அருகே ஒரு குடியிருப்புப் பகுதியில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் கூடுகிறோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சார் ஒருவர், தையல் கடை நடத்தும் அக்கா, அரசு மருத்துவமனையில் பல வருஷம் இருந்துவிட்டு ஓய்வுபெற்ற சிஸ்டர், மருந்துக்கடைத் தம்பி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓர் அம்மா, ஐடி வேலையில் இருக்கும் இரண்டு பெண்கள், பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், இன்னும் சிலர். வாரம் ஒரு நாவலை முடிப்பவர் இதில் இருக்கிறார். பள்ளிப் பாடப் புத்தகத்துக்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்திராதவரும் இருக்கிறார். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தக் கூட்டத்தில் மிக மெதுவாகப் படிப்பவர் யார், ஒரு நாளைக்கு அவரால் எத்தனை பக்கம் முடியும்?

எங்களுக்கு அது தையல் கடை அக்கா. கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு அவருக்கு ஐந்தாறு பக்கம் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதம் அதுவும் கிடைக்காது. மாதத்துக்கு 150 பக்கம், நன்றாக ஓடினால் 180. எங்கள் குழுவின் மாதக் கணக்கும் அதுதான். அதற்கு மேல் போகும் புத்தகத்துக்கு இரண்டு மாதம். வேகமாகப் படிப்பவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, அவர் தன் பாட்டுக்கு வேறு நான்கு புத்தகம் படித்துக்கொள்வார். மெதுவாகப் படிப்பவரோ ஒரு மாதம் முடிக்காமல் வந்தால் கூச்சப்படுவார், இரண்டாவது மாதமும் முடிக்க முடியாவிட்டால் வருவதையே நிறுத்திவிடுவார். உடம்பு சரியில்லை, ஊரிலிருந்து விருந்தாள் வந்திருக்கிறார் என்று காரணம் சொல்வாரே தவிர, படிக்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

எந்தக் குழு தொடங்கினாலும் முதல் கூட்டத்தில் ஒருவர் 'பொன்னியின் செல்வன்' என்பார். எங்களுக்கும் அப்படித்தான். படம் வந்த பிறகு இன்னும் அதிகமாகச் சொல்கிறார்கள். ஐந்து பாகம், எந்தப் பதிப்பானாலும் ஈராயிரம் பக்கத்துக்கு மேல். எனக்கு மிகவும் பிடித்த நாவல்தான், ஆனாலும் மாதக் கூட்டத்துக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன். 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த கதை அது. அடுத்த இதழுக்காக ஏழு நாள் காத்திருக்க வைக்கும் இடத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் நிற்கிறது. மாதம் ஒரு முறை கூடிப் பேச முயன்றால், பத்தாவது அத்தியாயத்தில் இருப்பவரும் நாற்பதாவதில் இருப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எதைச் சொன்னால் கதை வெளியே வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அதனால் அதைத் தனியாக வைத்தோம். ரயில்வே சார் வீட்டில், அவருடைய அம்மா வாராவாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்துக் பைண்ட் செய்து வைத்திருந்த தொகுப்பு இருக்கிறது. மணியத்தின் ஓவியங்களோடு, நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரங்களோடு. விருப்பமுள்ளவர்கள் புதன்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போய் இரண்டிரண்டு அத்தியாயம் சேர்ந்து படிக்கிறார்கள். வந்தியத்தேவனுக்கு அந்த வேகம் பொருந்துகிறது.

பக்கக் கணக்குக்கு அடுத்தது பிரதி. தமிழில் நல்ல நாவல்கள் பல சிறிய எண்ணிக்கையில் அச்சாகி, தீர்ந்து, அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று தெரியாமல் கிடக்கின்றன. ஒருவர் ஆசையாகச் சொல்லும் புத்தகம் கடையில் இருக்காது. அவர் வீட்டுப் பிரதி ஒன்றுதான் இருக்கும், அதையும் யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் பெயரை முடிவுசெய்வதற்கு முன்பே மருந்துக்கடைத் தம்பி பதிப்பகத்துக்குப் போன் போட்டு இருப்பு கேட்டுவிடுவார். நாங்கள் ஆளுக்கொரு பிரதி வாங்குவதில்லை. 300, 400 ரூபாய் மாதாமாதம் கொடுக்க எல்லா வீட்டிலும் முடியாது. எல்லோருமாகப் பணம் போட்டு மூன்று நான்கு பிரதி வாங்கி, முறை வைத்துக் கைமாற்றுகிறோம். முதல் பிரதி எப்போதும் மெதுவாகப் படிப்பவர் கைக்குத்தான் போகும். இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் யார் குழு தொடங்கினாலும் செய்துபாருங்கள் என்று சொல்வேன். படித்து முடித்த பிரதிகள் கிளை நூலகத்துக்குப் போய்விடும்.

பணமே வேண்டாத மாதங்களும் உண்டு. புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-ல் நாட்டுடைமையாகிவிட்டன. அவருடைய கதைகளை இணையத்திலிருந்து எடுத்து, நகலகத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழைய நூல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரிய எழுத்து என்பது சின்ன விஷயமில்லை. சிஸ்டருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆன மாதத்தில் அவர் படித்தது அந்த நகல்களைத்தான்.

யார் தேர்ந்தெடுப்பது? ஆரம்பத்தில் கைதூக்கி வாக்கெடுத்துப் பார்த்தோம். அதிகம் பேசுகிறவர் சொல்லும் புத்தகமே ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. இப்போது முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒருவர். அவர் சொல்லும் புத்தகத்தை மற்றவர்கள் மறுக்கக் கூடாது. இரண்டே நிபந்தனை: சொல்பவர் அதை ஏற்கெனவே முழுதாகப் படித்திருக்க வேண்டும், ஏன் சொல்கிறார் என்பதை இரண்டு நிமிஷம் பேச வேண்டும். முதல் நிபந்தனை ரொம்ப முக்கியம். விருது வாங்கியது என்று கேள்விப்பட்டோ, அட்டை நன்றாக இருக்கிறது என்றோ சொல்லும் புத்தகங்கள் இதில் கழிந்துவிடும். ஏதோ ஒரு புத்தகத்தை நேசித்த ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகவே மற்றவர்கள் அறுபதாவது பக்கத்தைத் தாண்டுவார்கள்.

தன்னம்பிக்கை நூல்களும் இந்த முறையில் வந்தன. யாரும் மறுக்கவில்லை, படித்தோம். ஆனால் அவற்றை வைத்து நீண்ட நேரம் பேச முடியவில்லை. அந்தப் புத்தகங்கள் முடிவுகளைத் தாங்களே சொல்லிவிடுவதால், ஒத்துக்கொள்வது அல்லது ஒத்துக்கொள்ளாமல் இருப்பது தவிர நமக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. தனியாகப் படிக்க அவை உதவலாம். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேச, மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று புத்தகத்துக்கே முழுதாகத் தெரியாத ஒரு கதை வேண்டும்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' அப்படிப்பட்டது. 1973-ல் புத்தகமாக வந்த சின்ன நாவல், அக்காவின் கணக்குக்குள் அடங்கிவிடும். சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் வராது, வந்தால் சாக்கடை கலந்து வரும். சினிமாவில் கதாநாயகி ஆகலாம் என்று நம்பி ஏமாந்துபோன ஜமுனா, அவளுடைய தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. தேர்ந்தெடுத்தவர் ஐடி பெண்களில் ஒருவர். அந்த மாதம் பேச்சு புத்தகத்தில் தொடங்கவில்லை. 2019 கோடையில் தொடங்கியது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்த அந்த ஜூன் மாதத்தில் யார் யார் எத்தனை மணிக்கு எழுந்து லாரிக்குக் குடம் வைத்தோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை ரயில்வே சார் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நாவலில் வரும் தெரு தன் தெருவேதான் என்றார் மருந்துக்கடைத் தம்பி.

அப்புறம் டீச்சரம்மாவுக்கு வந்தார்கள். உயிரை விட முயன்ற ஜமுனாவை அந்த அம்மா வெளியே அழைத்துப் போய், தனக்குச் சின்ன வயதில் நடந்த கல்யாணத்தையும் அதில் பட்ட பாட்டையும் சொல்கிறாள். நான் அந்த இடத்தை எப்போதும் ஆறுதலாகவே படித்திருக்கிறேன். தையல் கடை அக்காவும் அப்படித்தான் சொன்னார். “எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. நம்மளவிடக் கஷ்டப்பட்டவ ஒருத்தி கூட நடந்து வர்றா இல்லையா, அது போதும்.” சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “இல்லம்மா. வார்டுல இந்தப் பேச்சைத் தினமும் கேட்டிருக்கேன். நான் தாங்கினேன், நீயும் தாங்குன்னு சொல்றதுதான் இது. அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கலையே” என்றார். அக்கா புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அந்தப் பேச்சை மறுபடி வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, இல்லை, நான் சொன்னதுதான் சரி என்றார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எனக்கு அந்த மாலையில் பட்ட சந்தோஷத்தைச் சொல்லித் தீராது. பள்ளிக்குப் பிறகு புத்தகம் தொடாத ஒருவர், தன் வாதத்துக்கு ஆதாரம் தேடி ஒரு நாவலுக்குள் திரும்பப் போகிறார்.

வட்டார வழக்கில் எழுதிய நாவல்களை எடுக்கலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. சென்னைக்காரருக்குக் கரிசல் பேச்சு புரியாது, கொங்குக்காரருக்கு நாஞ்சில் பேச்சு புரியாது என்பார்கள். தாராளமாக எடுக்கலாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் குழுவில் இருந்தால் இன்னும் நல்லது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' படித்த மாதம் இரண்டு மூன்று பேர் பத்துப் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் கோவில்பட்டி அம்மா புத்தகத்தைக் கையில் வாங்கினார். நகைக்காக ஒரு கள்வன் ஊருணியில் தண்ணீர் குடிக்க வந்த பெண்ணைத் தண்ணீருக்குள் அமுக்க, அவள் அவன் கால் பெருவிரலைக் கவ்விக்கொண்டே செத்துப்போகும் இடம். அவர் அதைப் படிக்கவில்லை, தன் ஊரில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் நாக்குக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எவருக்கும் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. நின்றுபோனவர்கள் அந்த வாரமே திரும்பத் தொடங்கினார்கள். கி.ரா. கரிசல் வழக்குச் சொற்களுக்கென்றே 1982-ல் ஓர் அகராதி கொண்டுவந்தவர். அது நூலகத்தில் இருந்தது. ஆனால் அந்த அம்மா இருக்கும்போது அதைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் அதுவரை கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர். இப்போது எந்தப் புத்தகமானாலும் முதல் இரண்டு பக்கத்தை அவர்தான் படிக்கிறார்.

கி.ரா. பிறந்த அதே இடைசெவல் கிராமத்தில் பிறந்தவர்தான் கு. அழகிரிசாமி. தேர்வு மாதங்களில், அதாவது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, நாவலைத் தொடவே மாட்டோம். ஒரு சிறுகதை, அவ்வளவுதான். படிக்காமல் வந்தாலும் அங்கேயே சேர்ந்து படித்துவிடலாம். அப்படி எடுத்த கதை 'அன்பளிப்பு'. தெருக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர், புதுவருஷ டைரிகளை வேறு குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்துவிட்டு, ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். பெரியவர்கள் எல்லோரும் சாரங்கனுக்காக உருகினோம். பதினொன்றாம் வகுப்புப் பையன் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவனுக்கு டைரி பிரச்சினையே இல்லை சார். அவர் கையால தன் பேரை எழுதணும், அதான்” என்றான். பிறகு, தன் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் வருஷம் முழுக்கத் தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை என்றான். அன்று கதையைப் பற்றி அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மொழிபெயர்ப்புகளை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில், தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' த.நா. குமாரசாமியின் தமிழில் என்று எவ்வளவோ இருக்கின்றன. இரண்டாவதை இரண்டு மாதம் எடுத்துப் படித்தோம். நாடி பிடித்துச் சாவு வரும் நாளைச் சொல்லிவிடும் கிராமத்து வைத்தியரின் கதை. சிஸ்டர் அந்த இரண்டு கூட்டத்திலும் பேசியதைக் கேட்க, இன்னொரு தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

கூட்டத்தை நடத்தும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். “புத்தகம் பிடித்ததா?” என்று ஆரம்பித்தால் பிடித்தது, பிடிக்கவில்லை என்று இரண்டு வார்த்தையில் முடிந்துபோகும். நாங்கள் கேட்பது, “எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள்?” என்று. எல்லோரும் எங்காவது மூடி வைத்திருப்பார்கள். தூக்கம் வந்ததாலும் இருக்கும், அதற்கு மேல் தாங்க முடியாமல் போனதாலும் இருக்கும். முடிக்காதவரிடம்தான் முதலில் கேட்போம். நிறையப் படித்தவர்கள் கடைசியில் பேசுவார்கள். அவர்கள் முதலில் பேசிவிட்டால் ஆசிரியரின் மற்ற நூல்கள், வந்த விமர்சனங்கள் என்று விரிந்துகொண்டே போகும், புதிதாகப் படித்தவர் தனக்குத் தோன்றியதைச் சின்ன விஷயம் என்று நினைத்து உள்ளேயே வைத்துக்கொள்வார்.

இடமும் அப்படித்தான், யார் வருவார் யார் வரமாட்டார் என்பதை அதுவே தீர்மானித்துவிடும். முதலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் கூடினோம். மின்விசிறி, நாற்காலி எல்லாம் வசதியாக இருந்தது. ஆனால் உள்ளே நுழைய வாசலில் பதிவேட்டில் பெயர், யார் வீட்டுக்கு, என்ன வேலை என்றெல்லாம் எழுத வேண்டும். சிலரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படாது, சிலரிடம் இரண்டு முறை கேட்கப்படும். கேட்கப்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். கிளை நூலகத்துக்கு மாறிய பிறகுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். அங்கே யாரும் யாரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தால் உருவான இடம் அது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது, ஆக அது நம் காசு. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வாசகர் வட்டம் என்ற அமைப்பும் நூலகங்களில் ஏற்கெனவே உண்டு. நூலகரிடம் போய்ப் பேசினால் பெரும்பாலும் சந்தோஷமாக இடம் தருவார். எங்கள் நூலகர் தானே நாற்காலி எடுத்துப் போட்டார், இப்போது குழுவிலும் ஒருவர். ஆயிரம் ரூபாய் செலுத்தினால் நூலகத்துக்குப் புரவலராகலாம். ரயில்வே சாரும் சிஸ்டரும் ஆகிவிட்டார்கள்.

தின்பண்டத்தில் ஒரு கட்டுப்பாடு. டீயும் ஒரு சுண்டலும், அவ்வளவுதான். வீடுகளில் கூடும்போது ஒருவர் வடை போட்டால் அடுத்தவர் கேசரியும் சேர்த்துச் செய்வார். அந்த வீட்டுப் பெண் அடுப்படியில் நின்றபடி பாதிப் பேச்சைத் தவறவிடுவார். நேரத்தையும் பெண்களைக் கேட்டுத்தான் மாற்றினோம். காலை பத்து மணி ஆண்களுக்குத்தான் ஓய்வு நேரம். மாலை நான்கு மணிக்கு மாற்றியதும் கூட்டத்தில் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள்.

ஜனவரியில் எல்லோரும் சேர்ந்து சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறோம். பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977-லிருந்து நடத்திவருவது. பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, அதைவிட, நேரில் புரட்டிப் பார்த்துப் பக்கம் எண்ணலாம், எழுத்து அளவு பார்க்கலாம். முறை வரப்போகிறவர்கள் அங்கேதான் பல நேரம் முடிவுசெய்கிறார்கள்.

இந்த மாதம் தையல் கடை அக்காவின் முறை. பூமணியின் 'வெக்கை' என்று சொல்லியிருக்கிறார். அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் வந்தபோது தன் தம்பி வாங்கி வைத்திருந்ததை எடுத்துப் படித்தாராம். “படத்துல சண்டைதான் ஞாபகம் இருக்கு. இதுல அப்பனும் மகனும் ஓடி ஒளியுற இடத்துல எல்லாம் என்னத்தையாவது பொங்கித் திங்குறாங்க. அந்தப் புள்ளைக்குப் பசிக்குமேன்னு அந்த ஆளு நினைச்சுக்கிட்டே இருக்கான். அதுக்காகச் சொல்றேன்” என்றார். படம் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று பேச்சு. நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது, மூன்று வாங்கியிருக்கிறோம். அக்கா ஏற்கெனவே படித்துவிட்டதால் இந்த முறை முதல் பிரதி யாருக்கு என்று யோசித்து, போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஆட்டோ ஓட்டும் அண்ணனிடம் கொடுத்தோம். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நேற்றைக்கு 40 பக்கம் தாண்டிவிட்டார்.